லாரி டிரைவருக்குப் பயந்தோம், சாவு வீட்டில் கூடினோம்: ஏன்?

கேள்வி: நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (மலைக் கிராமத்தில்) மகளிர் குழுத் தலைவியாக இருக்கிறேன். கொரோனா வந்த 2020-ல் ஊருக்குள் வெளியாள் யாரையும் விடவில்லை. கேரட் ஏற்ற வந்த லாரி டிரைவருக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. வாங்கின சாமானையெல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். அடுத்த வருஷம் நிலைமை மோசமானபோது யாரும் எதையும் பார்க்கவில்லை. ஒரு சாவுக்கு, மழை என்று எல்லாரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அடுத்த சில வாரத்தில் மூன்று பெரியவர்கள் போய்விட்டார்கள். தடுப்பூசிக்கும் பாதிப் பேர் பயந்தார்கள். இந்தப் பனிக்காலத்தில் மறுபடி வீட்டுக்கு வீடு காய்ச்சல். இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது என்று இப்போதே பேசி வைக்கலாம் என்றேன். ‘நன்றாகப் பயமுறுத்தினால்தான் சனம் கேட்கும்’ என்கிறார் ஊர்த் தலைவர். சரியா? என்ன சொல்ல வேண்டும், எதைத் தயார் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

2020-ல் உங்கள் ஊரில் பயத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. 2021-லும் அது தீர்ந்துவிடவில்லை, ஊசியைக் கண்டு பயந்தார்களே! ஆபத்து ஓரிடத்தில் இருந்தது, பயம் வேறிடத்தில் இருந்தது. தலைவர் சொல்கிறபடி பயத்தைக் கூட்டினால் அது இன்னும் தப்பான இடத்துக்கே போய்ச் சேரும்.

மனிதர்கள் ஆபத்தைச் சாவுக் கணக்கு வைத்து எடை போடுவதில்லை. உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1987-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் விளக்கியது. புதிதாக, கண்ணுக்குத் தெரியாததாக, நம் கையை மீறியதாக, கோரமான சாவைத் தருவதாகத் தோன்றுவது பெரிய ஆபத்தாகப் படும். தினமும் பழகியது, நாமாக விரும்பி ஏற்றது, சின்னதாகப் படும். கீழிருந்து வந்த டிரைவர் முகம் தெரியாத ஆள். துக்கம் கேட்க வந்து மூன்று நாள் தங்கிய மச்சான் நம்ம ஆள். ஆனால் டிரைவர் திறந்த வெளியில் அரை மணி நேரம் நின்று, மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கிவிட்டார். மச்சான் பத்துக்குப் பன்னிரண்டு அறையில், கதவைச் சாத்தி, தாத்தா பக்கத்தில் படுத்துத் தூங்கினார். கொரோனாவுக்கு உறவு முறை தெரியாது. எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கம், எவ்வளவு காற்றோட்டம் என்ற மூன்றுதான் அதற்குக் கணக்கு.

சோப்புத் தண்ணீர் விஷயமும் இப்படித்தான். தொட்டதால் வரும் என்று முதலில் சொன்னது ஊர்க்காரர்கள் இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் ‘இது காற்றில் பரவும் நோய் இல்லை’ என்று அறிவித்தது. பிறகு மெதுவாக மாற்றிக்கொண்டது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம், நோய்க்கிருமி பட்ட பொருளை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லிவிட்டது. அதற்குள் கழுவுவது பழக்கமாகிவிட்டது. கழுவினால் ஏதோ செய்து முடித்த நிம்மதி உடனே கிடைக்கிறது, அதனால் விடுவது கஷ்டம். ஊர் எல்லையில் ஆள் மீது மருந்து தெளித்ததும் இதே ரகம். அதனால் கண்ணும் தோலும் எரிந்ததுதான் மிச்சம். அடுத்த முறை எதைச் சொன்னாலும், ‘இன்றைக்குத் தெரிந்தது இது, அடுத்த மாதம் மாறினால் நானே வந்து சொல்வேன்’ என்ற ஒரு வரியை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு மாற்றினால் சனம் பொறுத்துக்கொள்ளும். சொல்லாமல் மாற்றினால் அதற்குப் பிறகு எதையும் நம்பாது.

மூச்சுவழி பரவும் நோய்க்கு ஒரே ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுங்கள்: இந்த இடத்தில் ஒருவர் பீடி பிடித்தால் எனக்கு வாடை வருமா? வரும் என்றால் அவர் மூச்சும் எனக்கு வரும். தேயிலைக் காட்டில் வராது. ஜன்னல் ஷட்டரை எல்லாம் இறக்கிவிட்ட மழைநாள் பஸ்ஸில் கடைசி சீட் வரைக்கும் வரும்.

அதனால், கொழுந்து பறிக்கும்போது மாஸ்க் போடச் சொல்லாதீர்கள். மேட்டில் ஏறி இறங்கி மூச்சு வாங்கும் பெண்ணிடம், பத்தடிக்கு ஒருத்தர் நிற்கிற இடத்தில் மாஸ்க் கேட்டால், அவர் அதைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஜீப்பிலும் அப்படியே உட்காருவார். தேவையில்லாத இடத்தில் கேட்டால் தேவையான இடத்தில் கிடைக்காது. ஜீப், பஸ், மூடிய கூடம், நோயாளி இருக்கும் அறை, ஆஸ்பத்திரி: இந்த ஐந்து இடம் போதும். அங்கே துணி மாஸ்க்கைவிட என்-95 நல்லது. மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, பலமாக ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி போட்டவருக்குக் கண்ணாடி மூடுபனி போட்டால் மேலே ஒழுகுகிறது என்று அர்த்தம். என்-95-ஐத் துவைக்கக் கூடாது. ஆளுக்கு நாலு வைத்துக்கொண்டு, ஒன்றைப் போட்டபின் காகிதப் பையில் காயவைத்து, ஐந்தாம் நாள் மறுபடி எடுக்கலாம். நம் மலைப் பனியில் நனைந்தால் அன்றைக்கு அதோடு சரி.

வீட்டு ஜன்னலுக்கு வருவோம். இங்கேதான் மலை வேறு, கீழ்நாடு வேறு. ‘மலைக் காற்று சுத்தம், நமக்கு வராது’ என்று முதல் மாதங்களில் நிறையப் பேர் சொன்னார்கள். காற்று சுத்தம்தான், ஆனால் வெளியே. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தியபின் உள்ளே இருப்பது ஆறு பேர் மாற்றி மாற்றி விட்ட மூச்சு. குளிரில் ஜன்னலைத் திறக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்பது உண்மை. அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: உள்ளே 18 டிகிரி, வெளியே 8 டிகிரி இருந்தால், சூடான காற்று மேலே ஏறித் தானாக வெளியே போகப் பார்க்கும். மேலே நாலு விரல் திறப்பும் கதவடியில் கொஞ்சம் இடைவெளியும் இருந்தால் போதும், காற்று ஓடும். மே மாதக் கோயம்புத்தூரில் ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தாலும், காற்று வீசாத நாளில் இந்த ஓட்டம் கிடைக்காது. குளிர் இந்த விஷயத்தில் நமக்கு உதவி. விருந்தாள் வந்தால் மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் எதிரெதிர் கதவு ஜன்னலை முழுக்கத் திறந்து மூடட்டும். சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அறை சீக்கிரமே பழைய கதகதப்புக்கு வந்துவிடும்.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி, கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களைப் பற்றி ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் செய்தி வந்திருக்கிறது. வாடை இல்லாத வாயு அது. தலைவலி வரும், தூக்கம் வரும், அவ்வளவுதான். அதற்கு யாரும் பயப்படுவதில்லை, தாத்தா காலத்துக் கணப்பு என்பதால். கரியைக் கூடத்துக்கு வெளியே வையுங்கள் என்பதையும் ஜன்னல் பேச்சோடு சேர்த்தே சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்க யாராவது முன்வந்தால் நல்லது. நாம் விடும் மூச்சில் வரும் வாயு அது, காற்றோட்டம் குறைந்தால் அறையில் கூடும். மீட்டர் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு (ppm) என்று காட்டும். 800-க்குள் இருந்தால் காற்றோட்டம் திருப்தி, 1,500 தாண்டினால் எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும். ஆனால் வாங்கியதும் மீட்டரின் அமைப்பில் (செட்டிங்ஸ்) ஊரின் உயரத்தைக் கொடுக்க மறக்காதீர்கள். உங்கள் ஊர் 1,900 மீட்டரை ஒட்டி இருக்கும். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் மீட்டர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். 1,000 இருக்கும் இடத்தில் 800 என்று சொல்லி ஏமாற்றும். வெளியே வைத்துப் பார்த்தால் 420, 430 பக்கம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் அமைப்பு தப்பு.

சாவு வீடு. ‘போகாதீர்கள்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். நம் மலையில் சாவுக்குப் போகாதவன் பகையாளி. செய்ய முடியாததைச் சொன்னால், சொன்னவரோடு சேர்த்துச் சொன்னதையும் ஒதுக்கிவிடுவார்கள். எப்படிப் போவது என்று சொல்லுங்கள். குழுவின் பொறுப்பில் இரண்டு தார்ப்பாயும் மூங்கிலும் கயிறும் இருக்கட்டும். மழை வந்தால் வாசலில் கட்டிவிடலாம், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். உடலை வாசலில் வைக்க முடிந்தால் வையுங்கள். முடியாவிட்டால் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறும்படி வரிசை விடுங்கள். சாப்பாடு வெளியே நடக்கட்டும். சாப்பிடும்போது எல்லார் மாஸ்க்கும் இறங்கியிருக்கும், எல்லாரும் பேசுவார்கள், அதனால் பந்திதான் துக்க வீட்டிலேயே மோசமான இடம். அறுபது தாண்டினவர்கள் கூட்டம் சேரும் முன்னாடியே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். இதையெல்லாம் சாவு நடந்த அன்று பேசக் கூடாது. துக்கத்தில் இருக்கும் வீட்டில் விதி பேசினால் அடிதடிதான். யாரும் சாகாத ஒரு மாதத்தில் ஊர்க்கூட்டம் போட்டு, எல்லாச் சாவுக்கும் இதுதான் முறை என்று முடிவு செய்துவிட்டால், அப்புறம் எந்த வீட்டையும் தனியாகக் குறிவைத்ததாக இருக்காது.

அடுத்து, ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்கிற பையன்கள். அவர்களிடம் பொய் சொல்லாதீர்கள். தடுப்பூசி வரும் முன், வசதியான நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2020-ல் வந்த கணக்குப்படி, கொரோனா தொற்றியவர்களில் இறந்தவர்கள் 25 வயதில் பத்தாயிரத்தில் 1, 55 வயதில் ஆயிரத்தில் 4, 65-ல் ஆயிரத்தில் 14, 75-ல் ஆயிரத்தில் 46. பையன் தன்னைப் பற்றிச் சொல்வது ஏறக்குறைய சரிதான். ‘நீ செத்துப்போவாய்’ என்று மிரட்டினால், நோய் வந்து மூன்று நாளில் எழுந்து நடந்துவிட்டு, சொன்னதெல்லாம் பொய் என்று ஊருக்கே சொல்வான். ‘உனக்குப் பத்தாயிரத்தில் ஒன்று, அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் உன் பாட்டிக்கு ஏறக்குறைய இருபதில் ஒன்று’ என்று அவனிடம் சொல்லிப் பாருங்கள். காய்ச்சல் வந்தால் எந்த அறைக்குப் போவாய், சாப்பாட்டை யார் வாசலில் வைப்பார் என்று அவனையே சொல்ல வையுங்கள். அடுத்த தொற்று வேறு கணக்கோடு வரலாம். 1918 இன்ஃப்ளூயன்சா வாலிபர்களைத்தான் அதிகம் கொண்டுபோனது. எந்த வயதுக்கு ஆபத்து என்பதை வந்தபின் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பயமுறுத்தல் பற்றித் தலைவருக்குச் சொல்ல இரண்டு செய்தி இருக்கிறது. 1950-களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவச எக்ஸ்-ரே எடுத்தார்கள், நிறையப் பேர் வரவில்லை. ஏன் என்று சமூக உளவியலாளர் காட்ஃப்ரி ஹாக்பாம் ஆராய்ந்தார். ‘எனக்கும் வரலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு’ என்று இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் எக்ஸ்-ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். அடுத்தது, தொடர்பியல் ஆய்வாளர் கிம் விட்டே 1992-ல் சொன்னது. பயம் பெரிதாக இருந்து, செய்யக்கூடியது ஒன்றும் கையில் இல்லையென்றால், மனிதர்கள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைத் தணிக்கப் பார்ப்பார்கள். ‘எல்லாம் வதந்தி’, ‘விதி முடிந்தால் போகத்தான் வேண்டும்’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. ஆகவே ஒரு பயத்தைச் சொன்னால் அதே மூச்சில் ஒரு வேலையையும் சொல்லிவிட வேண்டும். இன்றே, காசில்லாமல், கூலி போகாமல் செய்ய முடிகிற வேலையாக இருக்க வேண்டும்.

ஊர் பயப்படத் தொடங்கும் நேரமும் தப்பு. 2020-ல் வந்த வகையில் தொற்றி ஏறத்தாழ ஐந்து நாளில் காய்ச்சல், அதற்கும் ஒரு வாரம் கழித்து மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு ஊர் விழிக்கும்போது நோய் இரண்டு வாரம் முன்னால் ஓடிவிட்டிருக்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பானால் ஒரு நோயாளி முப்பது நாளில் ஆயிரம். ‘ரெண்டு பேருக்குத்தானே’ என்று எண்ணுவது எல்லார் மனசுக்கும் இயல்பு, படித்தவர்களும் விலக்கில்லை. பயம் வரும்வரை காத்திருக்காமல் எண்ணிக்கையை வைத்து நடந்துகொள்ளுங்கள். உங்கள் குழு வாரம் ஒருமுறை கூடுகிறது, சந்தா நோட்டுக்குப் பின்பக்கம் மூன்று கோடு போடுங்கள்: இந்த வாரம் காய்ச்சல் கண்ட வீடுகள், பள்ளிக்கு வராத பிள்ளைகள், இலை எடை போட வராத பெண்கள். போன வாரத்தைப் போல இரண்டு மடங்கானால் அன்றைக்கே கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தகவல் போகட்டும், ஜன்னல், பஸ் மாஸ்க், தார்ப்பாய் மூன்றும் தொடங்கட்டும். இரண்டு வாரம் எண்ணிக்கை குறைந்தால் நிறுத்திவிடுங்கள். எப்போது முடியும் என்று தெரியாத கட்டுப்பாட்டை மூன்றாம் மாதம் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தடுப்பூசிப் பயத்துக்கு நடிகர் விவேக்கின் சாவு நம் ஊர்களில் ஒரு பெரிய காரணம். 2021 ஏப்ரல் 15-ல் எல்லாரும் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி இறந்தார். ஆராய்ந்த தேசியக் குழு, ஊசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் தெரிந்த முகம், டிவியில் திரும்பத் திரும்ப வந்தது, அறிக்கையா நினைவில் நிற்கும்? இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வருஷத்துக்கு ஆயிரத்தில் 15 பேர் இறக்கிற வயதினர் ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் ஊசியே போடாவிட்டாலும் ஏழு நாளில் அவர்களில் 28, 29 பேர் இறப்பார்கள். எல்லாருக்கும் ஊசி போட்டால் அத்தனை சாவும் ‘ஊசி போட்ட வாரத்தில்’ நடந்ததாகவே சொல்லப்படும். இதை முகாமுக்கு முன்னாடியே பேசிவிட வேண்டும், சாவு நடந்தபின் சொன்னால் சமாளிப்பு என்பார்கள். கை வலியும் காய்ச்சலும் ஒன்றிரண்டு நாள் இருக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். தோட்ட வேலைக்காரருக்கு அது இரண்டு நாள் கூலி. முகாமைச் சனிக்கிழமை மதியம் கேட்டு வாங்குங்கள், ஞாயிறு ஓய்வு கிடைக்கும். ஊசி வேண்டாம் என்ற பல பேருக்கு உள்ளே இருந்தது இந்தக் கூலிக் கவலைதான்.

கபசுரக் குடிநீரைக் குடிக்கிறவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். குடிக்கட்டும், மூச்சு வாங்கினால் அது மருந்தில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஆவி பிடிப்பதில் பிள்ளைகள் மேல் வெந்நீர் கொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஆக்சிமீட்டர், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி. குழுவுக்கு இரண்டு வாங்கி வையுங்கள், பேட்டரியைத் தனியாகக் கழற்றி. கொரோனாவில் மோசமான விஷயம், ஆக்சிஜன் 85-க்கு இறங்கியவர்கூட ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்று டீ குடித்துக்கொண்டிருந்தார். உடம்பே எச்சரிக்காதபோது கருவிதான் எச்சரிக்க வேண்டும். ஆனால் மலையில் அது எளிதில் தப்புக் காட்டும். குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவு, எண் தாறுமாறாக ஓடும். அடுப்படியில் கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, நடுவிரலில் மாட்டி, எண் அசையாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் பாருங்கள். மருதாணியும் நகச்சாயமும் இல்லாத விரல் வேண்டும். நம் உயரத்தில் நல்ல உடம்புக்கே கீழ்நாட்டைவிட ஓரிரண்டு குறைவாகக் காட்டும். அதனால் இப்போதே, காய்ச்சல் இல்லாதபோது, அறுபது தாண்டின ஒவ்வொருவருக்கும் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்ற அரசு விதி அப்படியே இருக்கட்டும். அதோடு, தன் சொந்த எண்ணிலிருந்து மூன்று இறங்கினாலும் கிளம்ப வேண்டும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே ‘94 இருக்கே, போதும்’ என்று மூச்சு வாங்குகிறவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இதையும் எழுதுங்கள்: 108 வண்டி எந்த வளைவு வரைக்கும் வரும், அங்கிருந்து கீழ் வரிசை வீடுகளுக்கு எத்தனை படி, நாற்காலியில் தூக்கிவர எந்த நாலு பேர், மழையில் பாதை மூடினால் யாருடைய ஜீப். சந்தேகம் கேட்க 104. பேர்களை எழுதும்போது அந்த நாலு பேரையும் கேட்டுவிட்டு எழுதுங்கள், அவர்களுக்கு என்-95 மாஸ்க்கை முதலில் கொடுத்து வையுங்கள்.